வடக்கே போனவர்

திருவொற்றியூர்
10-2-1946

கர்த்தருக்குள் அன்பான மதினி ஞானபாக்கியம் அவர்களுக்கு ராசையா எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே நான் சுகம், கடையும் நடக்கிறது. அங்கே உங்கள் சுகமும் பிள்ளை சுகிர்தத்தின் சுகமும் அறிய ஆவல். பனிக்கால இருமல் அவளை விட்டதா?

மதினி, ஒரு செய்தி. உட்கார்ந்து வாசியுங்கள்.

படகுக்காரப் பரசுராமன் திரும்பி வந்திருக்கிறான். நாற்பத்திரண்டில் ஊர் கலைந்தபோது சூலூர்ப்பேட்டைப் பக்கம் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். போன வாரம் புகையிலை வாங்கக் கடைக்கு வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய நாடார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரா?" என்று கேட்டான். அண்ணனைத்தான் கேட்கிறான். அவனை உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாடாரு எங்கிட்ட வந்தாரு. எக்மோர்ல எள்ளு போட்டா கீழ வுழாது, பொட்டி பொட்டியா திருட்டுப் போவுது, நீ என்னைக் கால்வாய் வழியா மரக்காணத்துல வுட்ருன்னாரு. ஊருக்குள்ள ஒரு படகு இல்ல. எண்ணூரு உப்பளத்தாண்ட என் படகு கீது, பொழுது சாயச் சொல்ல வந்துருங்கன்னேன். காத்துகினே இருந்தேன். வரல. பட்டாளத்தான் படகைப் புடுங்குறான்னு எவனோ சொன்னான். நா வடக்க தள்ளிகினு போய்ட்டேன்."

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஜப்பான்காரன் வந்து இறங்குவான் என்று ஊரே ஓடியது. உங்களையும் சுகிர்தத்தையும் நான் முன்னால் ரயிலேற்றி நாசரேத்துக்குக் கூட்டிவந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று அண்ணன் நின்றார். நம் வீட்டு நகையும், ஆலையை விட்டு நகர முடியாத குடும்பங்களின் பெண்கள் "நாசரேத்துல பத்திரமா வச்சிருங்க" என்று நம்பிக் கொடுத்த நகையும் அவர் கையில் பித்தளைச் சம்புடத்தில் இருந்தன. அவர் எண்ணூர் ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. தெற்கே போக வேண்டியவன் வடக்கே ஏன் போனான் என்று நாலு வருஷமாக இந்த ஊர் கேட்கிறது. தெற்கே மரக்காணம் போகிற படகுக்குத்தான் வடக்கே எண்ணூர் போயிருக்கிறார், மதினி. அவர் ஓடவில்லை.

ராயபுரத்தில் தாமஸ் என்று ஒருவன் இருக்கிறான். பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவன். பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது கண்ணிவெடி தேடும் மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ தங்கமோ எது இருந்தாலும் அது காதில் கூவுமாம். வழியில் ஏதோ பயந்து அண்ணன் சம்புடத்தை உப்பளத்துச் சேற்றில் புதைத்து வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாமஸோடு பேசியிருக்கிறேன். நம் வீட்டு நகையில் அவனுக்குப் பங்கு தருவதாகச் சொன்னேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள் ஜெபத்தில் என்னை நினையுங்கள்.

ராசையா

*

நாசரேத்
19-2-1946

இயேசுவின் நாமத்தில் அன்பான தம்பி ராசையாவுக்கு. நாங்கள் சுகம். சுகிர்தத்துக்கு இருமல் நின்றுவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கையால் பொங்கித் தின்கிறவர்களுக்கு அடுப்பு மூட்டுவதுதான் கடைசி வேலை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். சுகிர்தமும் வாசித்தாள்.

உங்கள் அண்ணனவர்கள் ஓடவில்லை என்று நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள். ஓடினார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்தது இல்லை. ஆனால் எங்கேயோ இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். போன வருஷம் சாத்தான்குளத்து வியாபாரி ஒருவர் பெஜவாடா ஸ்டேஷனில் அவர்களைப் போல ஒருவரைப் பார்த்தேன் என்றார். தாடி வைத்திருந்தாராம். அவர்களுக்குத் தாடி அடர்த்தியாக வராது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நகையில் யாருக்கு எந்தப் பங்கு வேண்டுமானாலும் கொடுங்கள். சம்புடத்தைத் தேடுங்கள். வேறு ஒன்றையும் தேடவேண்டாம்.

கெங்கம்மாளும் அவள் மகள் ராஜாத்தியும் எப்படி இருக்கிறார்கள்? சுகிர்தத்துக்குப் பல்லாங்குழி கற்றுக்கொடுத்தவள் அந்தப் பெண். புருஷன் ஹார்பரில் இருக்கும்போது, அவனிடம் கேட்காமலே கம்மலையும் சங்கிலியையும் கழற்றி உங்கள் அண்ணன் கையில் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்காவது அது திரும்பக் கிடைத்தால் எனக்கு நிம்மதி.

சமாதானத்தின் தேவன் உங்களோடு இருப்பாராக.

ஞானபாக்கியம்

*

திருவொற்றியூர்
17-3-1946

அன்பான மதினி அவர்களுக்கு ராசையாவின் ஸ்தோத்திரம். சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை, வெயிலில் தோல் மட்டும் கறுத்துவிட்டது.

கடையை மத்தியானம் அடைத்துவிட்டு எண்ணூருக்குப் போகிறேன். தாமஸ் வேலை இல்லாத நாளில் வருவான். மிஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நீண்ட கழியின் முனையில் ஒரு வட்டத் தட்டு, முதுகில் பாட்டரிப் பெட்டி, காதுக்கு இரண்டு மூடி. தட்டைத் தரைக்குமேல் துடைப்பம் போல வீசிக்கொண்டே நடக்கவேண்டும். எனக்கும் காதில் மாட்டிவிட்டான். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் ஓயாமல் கேட்கிறது. கீழே ஏதாவது இருந்தால் அந்தச் சத்தம் மேலே ஏறும்.

கெட்டகாலம், உப்பளத்தில் எங்கே வைத்தாலும் ஏறுகிறது. தாமஸ் முதல் நாளே வைய ஆரம்பித்துவிட்டான். "பேஜாரு புடிச்ச எடம் நைனா. உப்புத் தண்ணியே இதுக்கு இரும்பு மாதிரி கீது. தட்டு கொஞ்சம் எறங்குனா கத்துது, தூக்குனா செத்துப்போவுது." அடிக்கு ஒருமுறை நின்று, திருகைத் திருப்பி, சத்தத்தை அடக்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறோம். தோண்டியதில் படகு ஆணி, உடைந்த மண்வெட்டி, மாட்டு லாடம் எல்லாம் வந்தன. மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்தாற்போல் இருக்கிற இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகிறது. பரசுராமன் காட்டிய வரப்பிலிருந்து கால்வாய் வரை முழுதும் அப்படித்தான். நாம் நம் ஊர்ச் சிவப்புத் தேரி மணலில் நடந்து வளர்ந்தவர்கள், மதினி. இந்தச் சேறு நமக்குத் தெரியாது.

கெங்கம்மாள் அங்கே உப்பு சுமக்கிறாள். முதல் நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா நாடாரே, இன்னா தேடிகினு கீற?"

"சம்புடத்தைத் தேடுகிறேன் அம்மா. அண்ணன் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்."

"நாலு வருசம் கழிச்சு மண்ணுல கீதுன்னு கதை கட்றியா? தின்னுட்டுப் போனவன் பொதைச்சு வச்சிட்டா போவான்?" வரப்பில் துப்பினாள். "தேடு தேடு. நானும் பாக்கறேன்."

அதன் பிறகு தினமும் வந்து பார்க்கிறாள்.

சுகிர்தத்துக்கு ஒரு பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். ரேஷன் துணிதான், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ராசையா

*

நாசரேத்
2-4-1946

அன்பான தம்பிக்கு ஞானபாக்கியம் எழுதுவது. துணி வந்தது. பிள்ளை தைத்து உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல், வெயில்தான் காரணம், பயப்பட ஒன்றும் இல்லை.

ராஜாத்தியைப் பற்றிக் கேட்டிருந்தேன். கெங்கம்மாள் துப்பியதைக்கூட எழுதிய நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள் போலும்.

மூக்குப்பேறியிலிருந்து சுகிர்தத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். காப்பி குடிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பையனின் அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்க அப்பா இப்பம் எங்க இருக்காவ?" என்றாள். தெரியாமல் கேட்கிறவள் அப்படிக் கேட்கமாட்டாள். "வியாபாரமா வடக்கே போயிருக்காவ" என்றேன். "வடக்கேன்னா?" என்றாள். அதற்குள் சுகிர்தம் உள்ளேயிருந்து வந்து, "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வெயில் தாழும்வரைகூட இருக்கவில்லை.

பிள்ளையை நான் திட்டவில்லை.

நீங்கள் சேற்றைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டுமுறை வாசித்தேன். கவனமாக இருங்கள். தனியாகப் போகவேண்டாம்.

கர்த்தர் உங்கள் காலைத் தள்ளாடவொட்டார்.

ஞானபாக்கியம்

*

திருவொற்றியூர்
28-4-1946

அன்பான மதினிக்கு. உங்கள் தலைசுற்றலுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? நான் சுகம்.

நடுவில் தேடுவது நின்றுபோயிற்று. மிஷின் பலமாகக் கூவிய ஓரிடத்தில் தோண்டியதும் ஒரு வெடிகுண்டின் முனை தெரிந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்தார் சுட்டுப் பழகிய இடமாம். நான் மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். தாமஸ் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்து விழுந்தான். அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "அங்க தப்பிச்சு வந்து இங்க சாவறதா? நா வரல நைனா, ஆள வுடு" என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீசார் வந்து அந்த இடத்தைக் கயிறு கட்டி, பிறகு குண்டை எடுத்துப்போனார்கள்.

நான் ராயபுரத்தில் அவன் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி ஃப்ளோரா உள்ளே கூப்பிட்டுக் கஞ்சி கொடுத்தாள். அண்ணன் கதையை அவளிடம்தான் சொன்னேன். அவள் தாமஸிடம் என்ன சொன்னாளோ, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனே மிஷினோடு வந்து நின்றான்.

பரசுராமன் இப்போது வேறு ஒரு விஷயம் சொல்கிறான். அன்றைக்கு ஊரெங்கும் விளக்கு எரியக்கூடாது என்று உத்தரவு. அவன் படகிலும் விளக்கு இல்லை. பொழுது இறங்கிய பிறகு வருகிறவருக்கு வரப்பு எது, சேறு எது என்று தெரிந்திருக்காது. அவன் படகு நின்ற இடத்தை நோக்கி நேராகக் குறுக்கே நடந்திருந்தால் எந்த வழி வரும் என்று அவனையே நடந்து காட்டச் சொன்னேன். இனி அங்கேதான் பார்க்கப்போகிறோம்.

பிள்ளைக்கு என் முத்தங்கள். அந்த மூக்குப்பேறிக்காரர்கள் போகட்டும்.

ராசையா

*

திருவொற்றியூர்
20-5-1946

மதினிக்கு.

ஒன்று கேட்கவேண்டும். அண்ணன் அரையில் சாவி ஏதாவது வைத்திருந்தாரா? இருந்தால் அது எப்படி இருக்கும்? உடனே எழுதுங்கள்.

ராசையா

*

நாசரேத்
26-5-1946

தம்பி ராசையாவுக்கு. நாங்கள் சுகம்.

பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் அல்லவா, அதன் சாவிதான். பித்தளை. தலை வட்டமாக இருக்கும், பல் ஒன்று உடைந்தது. அதை அவர்கள் அரைஞாண் கயிற்றில் நான்தான் முடிந்தேன். நான் போட்ட முடிச்சு போதாது என்று அவர்களும் மேலே ஒன்று போட்டுக்கொண்டார்கள்.

எதற்குக் கேட்கிறீர்கள்? கடிதத்தில் சுகம்கூட விசாரிக்கவில்லை. எழுதுங்கள்.

ஞானபாக்கியம்

*

திருவொற்றியூர்
15-6-1946

கர்த்தருக்குள் அன்பான மதினி அவர்களுக்கு ராசையா எழுதுவது. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும். கடையில் வேலை அதிகம். உங்கள் சுகமும் பிள்ளையின் சுகமும் அறிய ஆவல்.

சம்புடம் கிடைத்துவிட்டது. மூடி இறுகிக் கிடந்தது, உள்ளே ஒன்றும் குறையவில்லை. உங்கள் வளையல்கள், சுகிர்தத்தின் சின்னச் சங்கிலி, மற்றவர்களுடையவை எல்லாம் இருக்கின்றன. தங்கம் பாருங்கள், அத்தனை உப்பிலும் கறுக்கவில்லை. நான் நினைத்ததுபோல அண்ணன் அதைச் சேற்றில் புதைத்திருக்கிறார். யாரும் இனி நம் குடும்பத்தை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. புதைத்துவிட்டு எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. அந்த நாட்களில் எத்தனையோ பேர் எங்கெங்கோ போனார்கள்.

சாவியைப் பற்றிக் கேட்டது, பழைய பெட்டியைத் திறக்கலாம் என்றுதான். மூக்குப்பேறிக்காரர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லி அனுப்பலாம்.

தேவன் உங்களைத் தேற்றுவாராக.

ராசையா

*

நாசரேத்
21-6-1946

தம்பி,

நம் கடையைச் சூறையாடியபோது அந்தப் பெட்டியை உடைத்து எடுத்துப்போய்விட்டார்கள் என்று நாற்பத்திரண்டில் நீங்களே எனக்கு எழுதினீர்கள்.

சந்தோஷமான செய்தியை எழுதிவிட்டு, தேற்றுவாராக என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் மாட்டிக்கொள்கிறவர். அவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் இப்படிச் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் நான் காலையில் எழுந்து எந்தச் சேலையை உடுத்துவது என்றுகூட எனக்குத் தெரியவேண்டும். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து பார்ப்பதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்று தெரியவேண்டும்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ராஜாத்தியைப் பற்றியும் எழுதுங்கள். அதையும் மறைக்கிறீர்கள்.

ஞானபாக்கியம்

*

திருவொற்றியூர்
30-6-1946

அன்பான மதினி அவர்களுக்கு.

எழுதுகிறேன். சுகிர்தம் பக்கத்தில் இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் பதினெட்டாம் தேதி. பரசுராமன் நடந்து காட்டிய வழியில், கால்வாய்க் கரைக்கு மிக அருகில், மிஷின் மற்ற இடம்போல் இல்லாமல் வேறுமாதிரிக் கூவியது. தாமஸ் தட்டைத் தூக்கிப் பார்த்தான், சத்தம் சாகவில்லை. "நைனா, இது உப்பு இல்ல" என்றான். குண்டாக இருக்குமோ என்று மண்வெட்டி போடாமல் கையால் அள்ளினோம். அள்ள அள்ளச் சேறு மூடிக்கொண்டே வந்தது. முதலில் துணி தென்பட்டது. தாமஸ் கையை எடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் சாய்ந்து நின்ற நிலையில் இருந்தார். இரண்டு கையும் சம்புடத்தை மார்போடு அணைத்திருந்தன. எலும்புதான், மதினி. ஆனாலும் அணைத்திருந்தது தெரிந்தது. இடுப்பில் சாவி இருந்தது. நீங்கள் எழுதிய அதே சாவி. கயிற்றில் இரண்டு முடிச்சு இருந்தது.

போலீசில் சொன்னேன். அவர்கள் வந்து பார்த்து, படகுக்காரனை விசாரித்து, இன்னார்தான் என்று எழுதிக்கொண்டார்கள். உடம்பில் அடிபட்ட அடையாளம் இல்லை, சேற்றில் சிக்கி இறந்திருக்கிறார் என்று முடித்தார்கள். எலும்புகள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. நீங்கள் வந்தபிறகு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம் என்று நம் சபைக் குருவானவர் ஐயரவர்கள் சொல்கிறார்.

நகைகளை உரியவர்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டார்கள். துணி முடிச்சுகள் மக்கிப்போய் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆனாலும் எது யாருடையது என்று ஒரு தகராறும் வரவில்லை. எவளும் தன்னுடையதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. சிலர் அழுதார்கள். சிலர் முந்தானையில் முடிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். நாலு வருஷம் வைததை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. தாமஸ் நான் சொன்னபடி உங்கள் வளையலில் ஒன்றை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராஜாத்தி இல்லை, மதினி. நாற்பத்திரண்டு ஆடியிலேயே இறந்துவிட்டாள். அண்ணன் நகையோடு போய்விட்டார் என்று ஊர் பேச ஆரம்பித்ததும், தன்னிடம் கேட்காமல் எதற்கு நாடாருக்குக் கழற்றிக் கொடுத்தாய், உனக்கும் அவனுக்கும் என்ன என்று புருஷன் அடித்தான். அடித்து, அம்மா வீட்டுக்குத் துரத்தினான். அவனிடம் பேசிப் பார்க்க இரண்டுமுறை திரும்பிப் போனாள். மூன்றாம்முறை கடலுக்குப் போனாள். உங்கள் புருஷன் பேரும் அதில் சேர்ந்திருந்ததால் உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

கெங்கம்மாள் கடைசியாக வந்தாள். எல்லோரும் எடுத்தபின் தட்டில் கம்மலும் சங்கிலியும்தான் மிச்சம். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது அவுளுதுதான். திருகு கோணலா கீது, பாரு. நாந்தான் கடிச்சுக் கோணலாக்கினேன்." பிறகு, "எப்டி வச்சிருந்தான் உங்கண்ணன்?" என்றாள்.

"மார்போடு அணைத்து வைத்திருந்தார் அம்மா."

"ரெண்டு கையாலயா?"

"ரெண்டு கையாலயும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கரை எவ்ளோ தூரம்?"

அவளுக்கே அந்த இடம் தெரியும். கைநீட்டினால் கரையோரக் கோரைப்புல் கிடைக்கும்.

"ரெண்டு கையும் சம்புடத்து மேல கீதுன்னா கரையை எத்தால புடிப்பான்?" அவள் குரல் உயர்ந்தது. "வுட்டுட்டு ஏறியிருக்கலாமே! வெறுங்கையோட வந்து, போச்சுது தாயி, சேத்துல வுட்டுட்டேன்னு சொல்லியிருந்தா நான் ரெண்டு நாளு திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும். எம் பொண்ணு இருந்திருப்பா. அவனும் இருந்திருப்பான். பாவி, நம்ம நகையைப் போயி கெட்டியா புடிச்சிகினானே!"

அவளை எழுப்பத் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். தண்டையார்பேட்டையில் மருமகன் வீட்டுக்கு நடந்தோம். அவன் இன்னொரு கல்யாணம் செய்திருக்கிறான், இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தான். கெங்கம்மாள் கையை விரித்துக் கம்மலைக் காட்டினாள். தெருவே வந்து நின்றது. "எடுத்துட்டாங்கடா. செத்துப்போனவன் கையில இருந்துச்சு. எம் பொண்ணு எவன்கிட்டயும் போவல. சொல்லுடா இப்ப."

அவன் கம்மலைப் பார்த்தான், குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினான். "இப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றான். கத்தவில்லை. உண்மையாகவே கேட்டான். அவள் விரித்த கையை மூடிக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டோம்.

எல்லாம் எழுதிவிட்டேன். எப்போது வருகிறீர்கள் என்று தெரிவியுங்கள், எக்மோரில் வந்து நிற்பேன்.

ராசையா

*

நாசரேத்
25-8-1946

அன்பான தம்பி ராசையாவுக்கு ஞானபாக்கியம் எழுதுவது. நானும் சுகிர்தமும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பிரயாணத்தில் பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது இல்லை. அடக்கத்தின்போது நீங்கள் ஓடி ஓடிச் செய்ததற்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே கெங்கம்மாள் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டீர்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். எழுதிவிடுகிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் கழுத்தைப் பார்த்தாள். தாலி இல்லை என்று பார்த்ததும், "கழட்டிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். "நாலு வருசம் அவனை வாயார வஞ்சேன். ஒரு நாளு வுடல. இனிமே யாரை வைவேன் சொல்லு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உப்பு சுமந்த கை, காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. கொஞ்சநேரம் பிடிக்கவிட்டாள். பிறகு, உப்பளத்தில் ஆள் தேடுவார்கள் என்று சொல்லிப் போய்விட்டாள்.

மூக்குப்பேறிக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். அவர்கள் பேரைச் சொல்லி, வேதமாணிக்கம் நாடாரைப் போல ஒரு உத்தமர் உண்டா என்று அந்த அத்தையே பேசினாளாம். சுகிர்தம் அந்த இடம் வேண்டாம் என்றுவிட்டாள். டீச்சர் டிரெயினிங்குக்குப் பணம் கட்டச் சொல்கிறாள். என் மிச்ச வளையல்களை அதற்கு விற்றுவிட்டேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம், அந்தப் பொன்னைக் கையில் போட எனக்கு முடியாது.

ஒரு சந்தேகம் என்னை விடவில்லை, உங்களிடம்தான் சொல்லமுடியும். கெங்கம்மாள் கேட்டதையே நானும் கேட்கிறேன். ஏன் விடவில்லை? சுகிர்தத்தின் முகம் ஞாபகம் வந்திருக்காதா? அந்தச் சம்புடத்தைக் கையைவிட்டு விட்டிருந்தால் திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். திருடன் பெண்டாட்டியாக நான் அவர்களுக்குச் சோறு போட்டிருப்பேன். இப்படி நினைப்பது பாவமா என்று ஐயரவர்களிடம் கேட்டேன். அவர் ஒரு வசனம் சொன்னார். நல்ல வசனம்தான்.

எவருக்கும் நான் சொல்லாத ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தரையிலும் ஜலத்திலும் பிரயாணம்பண்ணுகிறவர்களைக் காக்கும்படி வேண்டிக்கொள்ளும் இடம் வருமே, அந்த இடத்தில் மட்டும் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கச் சொல்வேன். அவர்கள் எங்கே இருந்தாலும் சேரட்டும் என்று. நாலு வருஷமும் அப்படித்தான். அவர்கள் அப்போதே சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

போன ஞாயிறு அந்த இடம் வந்தது. சபை முழுவதும் சொன்னது. பக்கத்தில் சுகிர்தம் என் முகத்தைப் பார்த்தாள். எனக்காகப் பிரயாணத்தில் இருக்க ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் வாய் தானாகத் திறந்தது, சத்தம்தான் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டியபிறகு அந்த எண்ணூர்ப் பக்கம் போகவேண்டாம். அடிக்கடி எழுதுங்கள்.

ஞானபாக்கியம்